ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் வரல: கணினியைக் கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி என்ன பார்க்கலாம்?

பவர் பட்டனை அமுக்குகிறீர்கள். கேஸ் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, ஆர்ஜிபி விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னப் பெட்டி மிதக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்து திரை கருப்பாகிவிடுகிறது. நாளை காலை அசைன்மென்ட் அனுப்ப வேண்டும்.

இப்படி ஆகும் சில தருணங்கள் ஜோகூரில் பலருக்கும் பழக்கமானவை. செகாமாட்டில் இருந்தோ குளுவாங்கில் இருந்தோ கணினியைக் கார் பின்சீட்டில் படுக்க வைத்து, ஸ்கூடாய் வாடகை அறைக்குக் கொண்டுவந்த முதல் நாள். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்ய மேசையை நகர்த்திய மறுநாள். சாயங்காலம் இடி இடித்து வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்து, திரும்பத் தூக்கிவிட்ட பிறகு.

முதலில் ஒரு ஆறுதல். திரை வரவில்லை என்றால் ஃபைல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் படங்களும் பாடங்களும் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. திரையில் படம் வரவைக்கும் வேலைக்கும் அந்த டிரைவுக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவே மாட்டாத கணினியிலும் பயோஸ் திரை வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது இது உங்களுக்குக் காசு மிச்சப்படுத்தும்.

மானிட்டர் என்ன சொல்கிறது?

'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தால் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது, பேனல் வேலை செய்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. எழுத்தே இல்லாமல், விளக்கும் எரியாமல் இருந்தால் மானிட்டரின் அடாப்டரையும் பிளக்கையும் பாருங்கள். நம் ஊர் மூன்று கால் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. அது போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்', 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் அது வேறு கதை. படம் வருகிறது, ஆனால் அந்த மானிட்டரால் காட்ட முடியாத அளவிலோ வேகத்திலோ வருகிறது. புது கேமிங் மானிட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய மானிட்டரை மாட்டியவர்களுக்கு இது நடக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். ஆன் செய்ததும் மதர்போர்டு கம்பெனி லோகோ வந்து, அப்புறம் விண்டோஸ் ஏறும் நேரத்தில் கருப்பானால், ஹார்டுவேர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவர் அல்லது விண்டோஸ் பக்கம் தேட வேண்டும். லோகோவே வராவிட்டால்தான் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்கு.

கேபிள் எந்த ஓட்டையில்?

கேட்க சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கணினியின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இடங்களில் இருக்கலாம். மேலே, யுஎஸ்பி ஓட்டைகளோடு செங்குத்தாக இருப்பது மதர்போர்டுடையது. கீழே, தனியாகப் படுத்தவாக்கில் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுடையது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் கேபிள் கீழே இருப்பதில்தான் மாட்ட வேண்டும்.

மேலே மாட்டினால் ஏன் வராது? எல்லா பிராசஸரிலும் படம் காட்டும் பகுதி இல்லை. இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக கோர் ஐ5-12400எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600 என்பதில் கிடையாது, 5600ஜி என்பதில் உண்டு. கிராஃபிக்ஸ் இல்லாத சிப் இருந்தால் மதர்போர்டு ஓட்டையில் என்ன மாட்டினாலும் எதுவும் வராது. கிராஃபிக்ஸ் உள்ள சிப்பாக இருந்தாலும், தனி கார்டு மாட்டியவுடன் பல மதர்போர்டுகள் மேல் ஓட்டையைத் தானாகவே அணைத்துவிடும்.

மேசையை நகர்த்தியது அம்மாவா தம்பியா என்று விசாரிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மானிட்டர் மெனுவில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்'. கேபிள் எச்டிஎம்ஐ 1-இல் இருக்கும், மெனு டிஸ்பிளேபோர்ட்டில் நிற்கும். 'ஆட்டோ' என்று விட்டால் தானாகக் கண்டுபிடிக்கும் என்பார்கள், எப்போதும் கண்டுபிடிப்பதில்லை. மானிட்டர் பிளக்கை ஒரு நிமிடம் கழற்றி வைத்து மறுபடி போட்டால், தூங்கிப்போன சில மானிட்டர்கள் விழித்துக்கொள்ளும்.

கேபிளிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு பக்கம் டிஸ்பிளேபோர்ட், மறு பக்கம் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண கேபிள் ஒரு திசையில்தான் வேலை செய்யும். டிஸ்பிளேபோர்ட் முனை கணினியில், எச்டிஎம்ஐ முனை மானிட்டரில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் படம் வராது. அதற்குத் தனியாக மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். பழைய விஜிஏ மானிட்டருக்குப் போடும் மலிவு அடாப்டர்களும் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். முடிந்தால் வீட்டு டிவியில் நேராக ஒரு எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கணினிக்கு ஒன்றும் இல்லை. பிரச்சினை மானிட்டரிலோ கேபிளிலோதான்.

உள்ளே உயிர் இருக்கா?

கீபோர்டில் நம் லாக் அல்லது கேப்ஸ் லாக் கீயை அமுக்குங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் கணினி முழுதாக எழுந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தான 'பி'யைத் தட்டுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு தடவை புதிதாகத் தொடங்கும், திரை திரும்பலாம்.

விளக்கு அசையவே இல்லையென்றால் கணினி பாதியிலேயே நின்றுவிட்டது. எங்கே நின்றது என்பதைப் புரிந்துகொள்ள, பட்டனை அமுக்கியதும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பவர் சப்ளை 'மின்சாரம் சரியாக இருக்கிறது' என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது. பிராசஸர் விழித்து, மதர்போர்டு சிப்பில் உள்ள பயோஸ் நிரலைப் படிக்கிறது. அது ரேமைச் சோதிக்கிறது. ரேம் சரி என்றால்தான் கிராஃபிக்ஸைத் தட்டி எழுப்புகிறது. அதன் பிறகுதான் படம். ஆக, ஃபேன் சுற்றுவது ஒன்றையும் நிரூபிக்காது. மின்சாரம் வந்தாலே ஃபேன் சுற்றும். ரேம் சரியாக உட்காராவிட்டால் ஃபேன் ராத்திரி முழுக்க சுற்றிக்கொண்டிருக்கும், திரை மட்டும் வராது.

ஒரு விதிவிலக்கு. டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி என்றால் அவசரப்படாதீர்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது மதர்போர்டு ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். பாதியில் பவரை அணைத்து அணைத்துப் போட்டால் அது முதலில் இருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் விடுங்கள், தே தாரிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

சரி, கழட்டிப் பார்க்கலாம்

பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். சில நேரம் இதைச் செய்து திரும்ப மாட்டினாலே திரை வந்துவிடும். கேஸின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டாட்டிக் குறைவுதான், ஆனால் ஏர்கான் அறையில் கம்பள விரிப்பு மேல் உட்கார்ந்து செய்பவர்கள் கவனமாக இருங்கள்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் ரேம். கிளிப்பைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரே ஒரு குச்சியை மட்டும் திரும்பப் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் அதற்கான இடம். இரண்டு குச்சி என்றால் இரண்டாவது, நான்காவது. 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். நிறைய பேர் பயந்து பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். பார்க்க உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கும். ஒரு குச்சியில் வரவில்லையா, அதே ஸ்லாட்டில் அடுத்த குச்சி. அதுவும் இல்லையா, வேறு ஸ்லாட். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் எந்தக் குச்சி, எந்த ஸ்லாட் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ரேமின் தங்கநிறப் பற்களை ரப்பரால் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பழைய நாள் வைத்தியம் அது, வேலையும் செய்யும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அழிக்க அழிக்கத் தேயும். ரப்பர் தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைப்பதே நல்லது.

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. கனமான கார்டு கார் பயணத்தில் குலுங்கிக் குலுங்கி ஸ்லாட்டில் இருந்து கொஞ்சம் விலகியிருக்கும். கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பவர் சப்ளையில் இருந்து அதற்கு வரும் 6 அல்லது 8 பின் கேபிளையும் பாருங்கள். அது மாட்டப்படாவிட்டாலும் பல கார்டுகளில் ஃபேன் சுற்றும், படம் வராது. உங்கள் பிராசஸரில் கிராஃபிக்ஸ் உண்டு என்றால் கார்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, கேபிளை மேலே மதர்போர்டில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

நீங்களே புதிதாக அசெம்பிள் செய்ததா? மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில் ஒரு 8 பின் ஓட்டை இருக்கும். பிராசஸருக்கான மின்சாரம் அது. பெரிய 24 பின் கேபிளை மட்டும் மாட்டிவிட்டு இதை மறப்பது முதல் தடவை கட்டுபவர்களின் வழக்கமான தவறு. செகண்ட்ஹேண்ட் போர்டில் அதைவிடப் புதிய பிராசஸரை மாட்டியிருந்தால், பயோஸைப் புதுப்பிக்கும் வரை அந்த போர்டுக்கு அந்தச் சிப்பை அடையாளம் தெரியாமலும் போகலாம்.

மதர்போர்டே சொல்லும்

சமீப ஆண்டுகளில் வந்த பல மதர்போர்டுகளில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு. பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். ஆசுஸ் இதை 'கியூ-எல்இடி' என்றும் எம்எஸ்ஐ 'ஈஸி டீபக்' என்றும் அழைக்கின்றன. ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் எரிந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராமில் நின்றால் ரேம், விஜிஏவில் நின்றால் கார்டு அல்லது கேபிள். கேஸைத் திறந்ததும் முதலில் இந்த விளக்குகளைப் பார்த்தால் பாதி வேலை மிச்சம். ஆர்ஜிபி வெளிச்சத்தில் இவை கண்ணுக்குத் தெரியாது, குனிந்து தேடுங்கள்.

இந்த வழக்கம் புதிதல்ல. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியே ஆன் ஆனதும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன 'பீப்' போடும். இப்போதும் மதர்போர்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் பீப் கேட்கலாம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயோஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள், இணையத்தில் கண்ட பட்டியலை நம்பாதீர்கள்.

காசு மாதிரி இருக்கும் பேட்டரி

ரேம் வேகத்தைக் கூட்ட எக்ஸ்எம்பி போட்டீர்கள், பயோஸில் எதையோ மாற்றினீர்கள், அதன் பிறகுதான் திரை போனது என்றால் அமைப்புகளை அழிக்க வேண்டும். மதர்போர்டில் 20 சென் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032. பிளக்கைக் கழற்றிவிட்டு அதை எடுத்து ஐந்து நிமிடம் வைத்துத் திரும்பப் போட்டால் பயோஸ் பழைய நிலைக்குப் போகும்.

ஆனால் நில்லுங்கள். விண்டோஸ் 11-இல் பலருடைய டிரைவ் அவர்களுக்கே தெரியாமல் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கும். பயோஸ் அமைப்பு மாறினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் டிரைவில் இருப்பது யாருக்கும் கிடைக்காது, மைக்ரோசாஃப்டுக்கும் திறக்கத் தெரியாது. எனவே பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். திரையைச் சரிசெய்யப் போய் மூன்று வருடப் படங்களை இழக்க வேண்டாம்.

இடியும் வெள்ளமும்

பருவமழை மாறும் காலத்தில், குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர் மாத மாலைகளில் இடி நமக்குப் புதிதல்ல. சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்னல் அதையும் தாண்டும், பிளக்கையே கழற்ற வேண்டும். ஃபைபர் இணையம் என்றால் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து, லேன் கேபிளில் ஏறி, உங்கள் மதர்போர்டு வரை போய்ச் சேரலாம். லேன் கேபிளையும் பிடுங்குங்கள். இடிக்குப் பிறகு திரை வராமல், கருகிய வாடையும் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள்.

வெள்ளம் இன்னும் மோசம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் செகாமாட்டும் மூழ்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் ஜோகூரில் 40,000 பேருக்கும் மேல் நிவாரண மையங்களுக்குப் போனார்கள், பத்து பகாட்டில் தண்ணீர் வடியவே நாளானது. நனைந்த கணினியை 'காய்ஞ்சிருச்சு, போட்டுப் பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்லும். சேறு காய்ந்தாலும் உப்பும் அழுக்கும் போர்டில் தங்கி ஷார்ட் ஆக்கும். டிரைவை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளே இருப்பது முக்கியம் என்றால், எதிலும் மாட்டாமல் டேட்டா மீட்பவரிடமே கொடுங்கள்.

கடையில் பேசும்போது

இதையெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை ஆகியவைதான் மிச்சம். மாற்றிப் போட்டுப் பார்க்க வேறு பாகங்கள் வேண்டும், அதற்குக் கடைதான் சரி. போகும் முன் ரேம், கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றின் ஸ்டிக்கரையும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி ஸ்டிக்கர் கிழியாது என்றால் டிரைவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரை வராத காரணத்தைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை. லோகோவே வராத கணினியைப் பார்த்து 'ஃபார்மட் அடிக்கணும்' என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள். ஃபார்மட் செய்வதற்கே முதலில் திரை வர வேண்டும்.

'பார்க்க எவ்வளவு, மாத்த எவ்வளவு, மாத்தின பழைய பாகத்தைத் திருப்பித் தருவீங்களா?' இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசாமலே வேலை நடந்துவிட்டாலும், நியாயமான விலைக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் வைக்கத் தேவையில்லை, ரசீதும் அந்த வாட்ஸ்அப் உரையாடலும்தான் உங்கள் சாட்சி. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வாங்கிய பாகம் என்றால் கதை வேறு. பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், புகாரையும் அங்குள்ள சிறு கோரிக்கை மன்றத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.